முதற் பந்தயம் கட்டும் பிள்ளைக்கு



நவம்பர் பிறந்துவிட்டால் நம் பங்குகளில் கல்லறைத் தோட்டங்கள் துப்புரவாகும், சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு பூசப்படும், மெழுகுதிரிகள் எரியும். இறந்தோரை நினைந்து நாம் மன்றாடும் அதே நாட்களில், ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலுள்ள மெல்போர்ன் மாநகரம் வேறொரு நினைவில் மூழ்கியிருக்கும். ஆண்டுதோறும் நவம்பர் முதற் செவ்வாய்க்கிழமை அங்கே 'மெல்போர்ன் கோப்பை' என்னும் குதிரைப் பந்தயம் நடைபெறுகின்றது. மாநகர் முழுவதற்கும் அன்று விடுமுறை. 2021ஆம் ஆண்டில் அச்செவ்வாய், இறந்தோர் அனைவரின் நினைவு நாளாகிய நவம்பர் 2ஆம் நாளிலேயே வந்தது.

அந்நகரில் இன்று தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. நம் பங்குகளிலிருந்து படிப்புக்கும் பணிக்குமாகச் சென்ற பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. "அலுவலகத்தில் எல்லாரும் பணம் கட்டுகிறார்களாம், நம் பையனையும் அழைக்கிறார்களாம், கட்டலாமா சாமி?" என்று பெற்றோர் கேட்கின்றனர். "கட்டுவதானால் எப்படிக் கட்டுவது?" என்று பிள்ளைகள் கேட்கின்றனர். இரண்டாவது கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டு முதலாவதற்கு மட்டும் விடை கூறினால் அது பாதி விடையே ஆகும். ஆகவே இம்மாதம் இரண்டையும் சேர்த்தே எழுத முற்படுகின்றோம்.

முதற் கேள்விக்குத் திருச்சபையின் போதனை தெளிவானது. 1992ஆம் ஆண்டு வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், பந்தயம் தன்னளவில் நீதிக்கு மாறானதன்று என்றே கூறுகின்றது. ஆனால், ஒருவன் தன் தேவைக்கும் தன்னைச் சார்ந்தோர் தேவைக்கும் வேண்டிய பொருளை அது பறிக்குமாயின் அறத்துக்கு ஒவ்வாததாகிவிடுகின்றது என்றும், அதன்மேல் எழும் வேட்கை மனிதனை அடிமைப்படுத்தக்கூடும் என்றும் அதே நூல் எச்சரிக்கின்றது. எனவே ஐந்து டாலர் கட்டிய பிள்ளையைப் பாவி என்று ஏசுவதற்கு நமக்கு உரிமையில்லை. வீட்டு வாடகையைக் கட்டிய பிள்ளையைக் கண்டும் காணாதிருப்பதற்கும் உரிமையில்லை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பாதை எங்கே சறுக்குகின்றது என்பதை அறிய வேண்டுமானால், அப்பந்தயம் எவ்வாறு நடைபெறுகின்றது, பணம் எவ்வழி வந்து எவ்வழி போகின்றது என்பதைப் பார்த்தே ஆகவேண்டும்.

ஓட்டமும் சுமையும்

மெல்போர்ன் கோப்பை 1861ஆம் ஆண்டு பிளெமிங்டன் மைதானத்தில் முதன்முதலாக ஓடப்பெற்றது. 17 குதிரைகள் ஓடின. 'ஆர்ச்சர்' என்ற குதிரை வென்றது. மறு ஆண்டும் அதுவே வென்றது. தொடக்கத்தில் இரண்டு மைலாக இருந்த தொலைவு 1972 முதல் 3200 மீட்டர் ஆயிற்று. இன்று 24 குதிரைகள் வரை ஓடலாம். ஓட்டம் முடிவதற்கு ஏறத்தாழ மூன்று நிமிடமும் இருபது விநாடியும் ஆகின்றன. 1990இல் 'கிங்ஸ்டன் ரூல்' 3 நிமிடம் 16.3 விநாடியில் ஓடி முடித்ததே மிக விரைவான ஓட்டம். 

புதிதாகப் பணம் கட்ட வருபவன் கேட்கும் முதற் கேள்வி, "எது சிறந்த குதிரை?" என்பதாகும். இப்பந்தயத்தில் அக்கேள்வியே பிசகானது. ஏனெனில் இது 'ஹேண்டிகேப்' பந்தயம். அதாவது, திறமை மிகுந்த குதிரைக்கு மிகுந்த எடையும், குறைந்த குதிரைக்குக் குறைந்த எடையும் சுமத்தி, எல்லாம் ஏறத்தாழ ஒரே வாய்ப்புடன் ஓடுமாறு அதிகாரிகள் திட்டமிட்டே அமைக்கும் பந்தயம். ஜாக்கியின் எடையும் சேணத்தின் எடையும் போதாவிடில் ஈயத் தகடுகள் வைத்து நிரப்புவர்.

எடுத்துக்காட்டுக் கூறுவோம். 'மக்கைபி டீவா' என்ற பெண்குதிரை 2003, 2004, 2005 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து வென்றது. மும்முறை வென்ற குதிரை இது ஒன்றே. முதலாண்டில் அது சுமந்தது 51 கிலோ. இரண்டாம் ஆண்டில் 55.5 கிலோ, மூன்றாம் ஆண்டில் 58 கிலோ. வெல்ல வெல்லச் சுமை ஏறிற்று. ஆஸ்திரேலியர் இன்றும் போற்றும் 'ஃபார் லாப்' 1930இல் 62.5 கிலோ சுமந்து வென்றது. மறு ஆண்டு அதன்மேல் 68 கிலோ ஏற்றப்பட்டது, எட்டாவதாக வந்தது. நாட்டின் ஒப்பற்ற குதிரையே ஆயினும், சுமை மிகுந்தால் ஏழு குதிரைகளுக்குப் பின்னே வரும். ஆகவே, "இது நல்ல குதிரை, ஆகையால் வெல்லும்" என்னும் முடிவை இப்பந்தயத்தின் விதியே குறுக்கே நின்று தடுக்கின்றது.

விலையைப் படிக்கும் முறை

பணத்தின் வழிக்கு வருவோம். அங்கே ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு விலை எழுதப்பட்டிருக்கும். 5 டாலர் என்று எழுதியிருப்பின், ஒரு டாலர் கட்டியவனுக்கு, அக்குதிரை வென்றால், அவனது டாலரும் சேர்த்து 5 டாலர் கிடைக்கும். இலாபம் 4 டாலர். பழைய முறையில் இதனையே 'ஒன்றுக்கு நான்கு' என்பர். விலை குறைவானால் பலர் அதனை நம்பியிருக்கின்றனர் என்றும், விலை மிகுந்தால் சிலரே நம்புகின்றனர் என்றும் பொருள்.

பணம் வாங்குவோர் இருவகையினர். ஒருவர் 'புக்மேக்கர்' எனப்படும் பந்தய வணிகர். அவர் விலை கூறுவார். நாம் ஏற்றால் அவ்விலை உறுதி. அவருக்கு இலாபம் எங்கிருந்து வருகின்றது? காசு சுண்டும் விளையாட்டைக் கொண்டு விளக்குவோம். பூ விழவும் தலை விழவும் சமவாய்ப்பு. நியாய விலை இரண்டுக்கும் 2 டாலர். வணிகரோ இரண்டுக்கும் 1.80 என்று எழுதிவைப்பார். பூவின்மேல் ஒருவன் 100 டாலரும் தலையின்மேல் மற்றொருவன் 100 டாலரும் கட்டினால், வந்தது 200. எது விழுந்தாலும் அவர் கொடுப்பது 180. எஞ்சிய 20 அவருடையது. காசு எப்படி விழுந்தால் அவருக்கென்ன?

24 குதிரைகள் ஓடும்போதும் இதே கணக்குத்தான். மறைந்திருப்பதனால் கண்ணுக்குப் படுவதில்லை. வேண்டுமாயின் பிள்ளைகள் தாமே சோதித்துப் பார்க்கலாம். 100ஐ ஒவ்வொரு குதிரையின் விலையாலும் வகுத்து, வந்த எண்களையெல்லாம் கூட்டுக. வணிகர் ஒன்றும் எடுத்துக்கொள்ளாதவராயின் கூட்டுத்தொகை 100 ஆகும். மேலே கூறிய காசு விளையாட்டில் அது 111 ஆகின்றது. 100க்கு மேற்பட்ட அந்த மிகுதியே வணிகரின் பங்கு. இக்கூட்டலைப் போட்டுப் பாராதவன் பந்தயம் கட்டுதல், எடைக்கல்லைப் பாராமல் சரக்கு வாங்குவதை ஒக்கும்.

மற்றொன்று 'டோட்' எனப்படும் பொதுக்குவியல் முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் யோசேப்பு ஒல்லேர் என்பவர் இதனைத் தொடங்கினார். எல்லாரும் கட்டிய பணத்தை ஒன்றாகக் குவித்து, அதிலிருந்து ஒரு பகுதியைக் கழித்து, எஞ்சியதை வென்ற குதிரையின்மேல் கட்டியவர்கட்குப் பகிர்வதே அதன் முறை. இக்கணக்கை விரைந்து போடும் தானியங்கிப் பொறியை அமைத்தவர் ஜார்ஜ் ஜூலியஸ் என்ற பொறியாளர். 1913இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் அது முதன்முதலாக இயங்கிற்று. தேர்தல் வாக்குகளை எண்ணுவதற்கென்று அவர் முதலில் எண்ணிய பொறி இது. அதற்கு ஏற்கப்படாமையால் பந்தய மைதானம் போய்ச் சேர்ந்தது. அவருடைய தந்தையார் ஆங்கிலிக்கன் சபையின் ஆயர் என்பதும் இங்கே குறிக்கத்தக்கது.

டோட் முறையில் குவியல் 1000 டாலர் என்க. 150 டாலர் கழிந்து எஞ்சுவது 850. வென்ற குதிரையின்மேல் 100 டாலர் மட்டுமே கட்டப்பட்டிருந்தால், டாலர் ஒன்றுக்கு 8.50 கிடைக்கும். அதே குதிரையின்மேல் 425 டாலர் கட்டப்பட்டிருந்தால், டாலருக்கு 2 மட்டுமே. குதிரை ஓடியது ஒரே ஓட்டந்தான். கிடைப்பதோ கூட்டத்தின் எண்ணத்தைப் பொறுத்து மாறுகின்றது. ஆகவே பணம் கட்டுகிறவன் உண்மையில் மற்றக் கூட்டத்தாரோடு போட்டியிடுகின்றான். அவர்களைவிட நான் மிகுதியாக அறிவேன் என்று சொல்ல முடிந்தவனுக்கே அங்கு இலாபம். புதியவன் அவ்வாறு சொல்ல இயலுமா?

வென்றதையும் மீண்டும் கட்டுபவர் கூட்டமாயின் நிலைமை இன்னும் தெளிவாகும். நூற்றுக்கு 15 கழிவதாக வைத்துக்கொள்வோம். முதற் சுற்றில் 100 டாலர் 85 ஆகும்; இரண்டாவதில் 72; மூன்றாவதில் 61; நான்காவதில் 52; ஐந்தாவதில் 44. ஒருவரும் ஏமாற்றவில்லை, எந்தக் குதிரையும் வஞ்சிக்கவில்லை. ஐந்தே சுற்றில் கூட்டத்தின் பணத்தில் பாதிக்கு மேல் காணாமற் போயிற்று. கோப்பை நாளன்று பிளெமிங்டனில் ஒன்றல்ல, ஏறத்தாழப் பத்துப் பந்தயங்கள் ஓடுகின்றன என்பதையும் நினைவில் கொள்க.

எத்தனை வகைச் சீட்டுகள்

பந்தயச் சீட்டுகளில் எளியது 'வின்'. குதிரை முதலாவதாக வரவேண்டும். அடுத்தது 'பிளேஸ்', இப்பந்தயத்தில் முதல் மூன்று இடங்களில் ஒன்றில் வந்தால் போதும், கிடைப்பது குறைவு. இவ்விரண்டையும் சரிபாதியாகச் சேர்த்துக் கட்டுவதும் உண்டு. அப்போது ஐந்து டாலர் என்று எண்ணியது பத்து டாலர் ஆகும் என்பதைப் புதியவர் கவனிப்பதில்லை.

இதற்குமேல் ஆசை காட்டும் சீட்டுகள் வருகின்றன. முதலிரு குதிரைகளை எவ்வரிசையிலாவது கூறுதல் 'குனெல்லா'. 24 குதிரைகளில் அதற்கு 276 வழிகள். அவற்றை வரிசைப்படி கூறுதல் 'எக்ஸாக்டா', 552 வழிகள். முதல் மூன்றை வரிசைப்படி கூறுதல் 'டிரைபெக்டா', 12,144 வழிகள். முதல் நான்கைக் கூறுதற்கு 2,55,024 வழிகள். பரிசுத்தொகை பெரிதாகத் தோன்றுவது இதனாலேதான். வழிகள் பெருகப் பெருக வாய்ப்புச் சுருங்குகின்றது.

"ஐந்து குதிரைகளைத் தெரிந்தெடுத்து எவ்வரிசையில் வந்தாலும் டிரைபெக்டா கிடைக்குமாறு கட்டலாம்" என்று நண்பர்கள் சொல்லுவர். அதற்கு 60 சேர்க்கைகள். சேர்க்கைக்கு ஒரு டாலராயின் 60 டாலர். "இல்லை, பத்து டாலரே போதும்" என்றும் அங்கே விற்பர். ஆனால், வென்றால் கிடைப்பது அறிவிக்கப்பட்ட பரிசில் ஆறிலொரு பங்கு மட்டுமே. குறைந்த விலைக்குக் குறைந்த பொருள். இதில் மாயம் ஒன்றுமில்லை.

அறிவு எவ்வளவு உதவும்?

"அப்படியாயின் குதிரைகளைப் பற்றிப் படிப்பதில் பயனே இல்லையா?" என்று கேட்கலாம். பயன் உண்டு, ஓட்டத்தைச் சுவைப்பதற்கு மிகவும் உண்டு. குதிரையின் பெயருக்கு அருகே எண்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். அவை அதன் அண்மைய ஓட்டங்களில் அது வந்த இடங்கள். 0 என்றால் பத்தாம் இடம் அல்லது அதற்கும் பின். பெருக்கற்குறி போன்ற அடையாளம் இருப்பின் இடையே நீண்ட ஓய்வு. 3200 மீட்டர் என்பது பெரும்பாலான குதிரைகளுக்குப் பழக்கமில்லாத நெடுந்தொலைவு. ஆகவே 2400 மீட்டர் ஓடும் கால்ஃபீல்டு கோப்பையில் அது கடைசி நேரத்தில் களைத்ததா, வலுத்ததா என்று பார்ப்பர். சுமக்கும் எடை, மழையால் நனைந்த தரை, ஜாக்கியின் அனுபவம் ஆகியவற்றையும் நோக்குவர். 1993இல் அயர்லாந்திலிருந்து வந்த 'விண்டேஜ் கிராப்' வென்றதன் பின்பு, உலகின் பல மூலைகளிலிருந்தும் குதிரைகள் வருகின்றன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுதல் உள்ளூர் வல்லுநர்க்கே கடினமாயிற்று.

நம் நாட்டிலும் இவ்வாதம் நீதிமன்றம் வரை சென்றதுண்டு. தமிழ்நாடு அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு நெடுநாள் நடந்து, 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்ததே அன்றி வெறும் அதிர்ஷ்டமன்று என்று தீர்ப்பளித்தது. கிண்டியை அறிந்த முதியோர் இதனை நினைவுகூர்வர். சட்டத்தின் நோக்கில் அத்தீர்ப்பு அமைந்தது. குடும்பத்தின் நோக்கில் நாம் கேட்க வேண்டியது வேறு: அத்திறமை யாருடையது? குதிரையும் ஜாக்கியும் பயிற்சியாளரும் திறமையுடையோர் என்பதில் ஐயமில்லை. ஆண்டுக்கொருமுறை மதிய உணவு வேளையில் பெயரின் அழகைப் பார்த்துப் பணம் கட்டும் நம் பிள்ளைக்கு அத்திறமை எங்கிருந்து வந்தது?

கதைகளின் கவர்ச்சி

புதியவனை இழுப்பவை கணக்குகள் அல்ல, கதைகள். 2015ஆம் ஆண்டு நிகழ்ந்தது உள்ளத்தை உருக்கும் கதைதான். 'பிரின்ஸ் ஆஃப் பென்சன்ஸ்' என்னும் குதிரையை எவரும் பொருட்படுத்தவில்லை. ஒன்றுக்கு நூறு என்ற விலை. அதன்மேல் ஏறியவர் மிஷெல் பெய்ன் என்ற பெண். அக்குதிரையைப் பேணியவருள் ஒருவர் அவருடைய சகோதரர் ஸ்டீவி; டவுன் சின்ட்ரோம் என்னும் பிறவிக் குறையுடையவர்; புறப்படும் இடத்துக்கான சீட்டை அவரே எடுத்தார்; முதலாம் வாயில் கிடைத்தது. குதிரை வென்றது; கோப்பையை வென்ற முதற் பெண் ஜாக்கி என்ற பெருமையை மிஷெல் பெற்றார்.

இக்கதையைக் கேட்டவர் மறு ஆண்டே மலிவான குதிரையைத் தேடுவர். ஆனால் அங்கே வழங்கும் கணக்கு இது: ஒன்றுக்கு நூறு என்ற விலையில் வென்றவை, 1871இல் 'த பேர்ல்', 1936இல் 'வோட்டன்', 1940இல் 'ஓல்டு ரௌலி', 2015இல் பிரின்ஸ் ஆஃப் பென்சன்ஸ் ஆகிய நான்கே. 160க்கு மேற்பட்ட ஓட்டங்களில் நான்கு. அவ்விலையில் ஓடித் தோற்ற குதிரைகளின் பெயரை எவர் நினைவில் வைத்திருக்கின்றார்?

"அப்படியானால் எல்லாரும் நம்பும் குதிரைமேல் கட்டுவோம்" எனின், 2014ஐ நினைக்க வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த 'அட்மையர் ரக்தி' மக்களின் பெருநம்பிக்கையைப் பெற்றிருந்தது. அது கடைசியாக வந்தது. லாயத்துக்குத் திரும்பியவுடன் விழுந்து இறந்தது. வாயற்ற அவ்வுயிரின் முடிவு, பணத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கும் நம்மையும் சிறிது மௌனமாக்குகின்றது. பணம் சூழ்ந்த இடத்தில் அவ்வுயிருக்கு வேறு ஆபத்தும் உண்டு. 1930இல் அனைத்துப் புனிதர் பெருவிழா நாளாகிய நவம்பர் 1 காலையில் ஃபார் லாப்பைக் குறிவைத்துக் காரிலிருந்து துப்பாக்கியால் சுட்டனர். குறி தவறிற்று, குதிரை அன்று மாலையே ஒரு பந்தயத்திலும், மூன்றாம் நாள் கோப்பையிலும் வென்றது.

முதல் வெற்றியே கண்ணி

இனி நாம் கூற விரும்பும் முக்கியமான செய்திக்கு வருகின்றோம். முதன்முறை பணம் கட்டித் தோற்ற பிள்ளையைப் பற்றி நாம் மிகவும் அஞ்சவில்லை. ஐந்து டாலர் போயிற்று. சிரித்துவிட்டு வேலைக்குத் திரும்புவான். அஞ்ச வேண்டியது முதன்முறை வென்ற பிள்ளையைப் பற்றியே. ஐந்து டாலர் கட்டி நூறு டாலர் பெற்றவன், "அதிர்ஷ்டம்" என்று பிறரிடம் சொல்லுவான். "எனக்குத் தெரிகிறது" என்று தனக்குள் சொல்லிக்கொள்வான். அந்த இரண்டாம் வாக்கியமே ஆபத்து. அடுத்த வாரம் கோப்பை இல்லை. ஆனால் வேறு பந்தயம் உண்டு. கைத்தொலைபேசியில் இரவும் பகலும் உண்டு. "உமக்கு இலவசப் பந்தயம் ஒன்று தருகின்றோம்" என்று வணிகர் அழைப்பர். அவ்விலவசத்தில் வென்றால் பெரும்பாலும் இலாபம் மட்டுமே தருவர், முதலைத் தரமாட்டார். இலவசம் என்ற சொல்லுக்குள் அடுத்த பந்தயத்துக்கான அழைப்பே அடங்கியுள்ளது.

பிறகு தோல்விகள் வரும். "ஐந்து முறை தோற்றேன், ஆறாவது முறை வந்தே தீரும்" என்ற எண்ணம் எழும். 1654இல் பிரெஞ்சுக் கத்தோலிக்க அறிஞர் பஸ்கால், பெர்மா என்ற கணித மேதையுடன் சூதாட்டப் பங்கீடு பற்றி மடல்கள் எழுதினார். வாய்ப்புக் கணிதம் என்னும் துறை அதிலிருந்தே வளர்ந்தது. அத்துறை கற்பிக்கும் முதற் பாடம், சுண்டப்படும் காசுக்கு நினைவில்லை என்பதாகும். ஐந்து முறை பூ விழுந்ததை ஆறாம் முறை காசு அறியாது. தோற்றதை மீட்க ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகக் கட்டுவோரும் உண்டு. 10, 20, 40, 80, 160, 320 என்று ஆறு முறை தோற்றால் போனது 630 டாலர். ஏழாம் முறை 640 கட்டவேண்டும். சமவிலைப் பந்தயத்தில் அது வென்றாலும் மொத்தத்தில் கையில் மிஞ்சும் இலாபம் 10 டாலர்! பத்து டாலருக்காக 1270 டாலரைப் பணயம் வைப்பவன் மூடன் அல்லன். இழந்ததன் துயரம் தாங்காதவன். அதனாலேயே நாம் அவன்மீது இரக்கங் கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலிய அரசே இதன் கொடுமையை உணர்ந்து வேலிகள் போட்டுள்ளது. 18 வயதுக்குட்பட்டோர் கட்டக்கூடாது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'பெட்ஸ்டாப்' என்ற தேசியப் பதிவேடு தொடங்கப்பட்டது. ஒருவர் தம் பெயரைத் தாமே அதில் பதிந்துகொண்டால், உரிமம் பெற்ற இணையவழி, தொலைபேசிவழிப் பந்தய வணிகர் எவரும் அவரிடம் பணம் வாங்கக்கூடாது. 2024 ஜூன் முதல் இணையவழிப் பந்தயத்துக்குக் கடன் அட்டையால் பணம் கட்டுவதும் தடுக்கப்பட்டது. இவ்வேலிகள் எவர்க்காகப் போடப்பட்டன? நம் பிள்ளைகளைப் போன்றோர்க்காகவே.

கட்டுவதானால்

கட்டாதிருத்தலே எளிய வழி. அதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கட்டுவதானால் இவற்றை மனத்திற்கொள்க.

முதலாவது, அலுவலகத்தாரின் 'ஸ்வீப்' என்னும் குலுக்கலோடு நிறுத்திக்கொள்வது நன்று. 24 பேர் ஆளுக்கு ஐந்து டாலர் போடுவர். குதிரைகளின் பெயரைச் சீட்டெழுதிக் குலுக்கி எடுப்பர். சேர்ந்த 120 டாலரும் முதல் மூன்று குதிரைகளின் சீட்டு வைத்திருப்போர்க்கே பிரித்துக் கொடுக்கப்படும். வணிகரின் கழிவு இல்லை. அறிவின் பெருமையும் இல்லை. இழப்பின் எல்லை ஐந்து டாலர். அன்றைய மகிழ்ச்சியோ முழுமையாகக் கிடைக்கும்.

இரண்டாவது, மைதானத்துக்கே செல்வதானால், எவ்வளவு என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, அதனை நாடகத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கியதுபோல் செலவெழுதிவிடுக. போய்விட்ட பணம் என்று எழுதிவைக்க மனம் வராத தொகை, கட்டத்தகாத தொகை.

மூன்றாவது, ஒரே பந்தயம், ஒரே குதிரை, வின் அல்லது பிளேஸ். வென்றால் அப்பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புக. தோற்றாலும் வீடு திரும்புக.

நான்காவது, கடன் வாங்கியோ, ஊருக்கு அனுப்பவேண்டிய பணத்திலிருந்தோ, மனைவி அறியாமலோ கட்டலாகாது. மறைத்துக் கட்டவேண்டிய நிலை வந்த அன்றே அது விளையாட்டு அன்று என்று அறிக.

ஐந்தாவது, தொலைபேசியில் பந்தயக் கணக்குத் தொடங்காதிருப்பது நலம். ஆண்டில் மூன்று நிமிட ஓட்டத்துக்காகத் திறந்த கதவு, ஆண்டு முழுவதும் திறந்தே கிடக்கும்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். பிள்ளை பந்தயம் கட்டினான் என்று கேள்விப்பட்டவுடன் தொலைபேசியில் இரைந்து பேசாதீர்கள்; அடுத்த முறை சொல்லாமல் விட்டுவிடுவான். "எவ்வளவு கட்டினாய்? எந்தப் பணம்? இன்னும் கட்டுகிறாயா?" என்று அமைதியாக இம்மூன்றையும் கேளுங்கள். அவன் முகம் மலர்ந்து விடை சொன்னால் கவலை வேண்டாம். தடுமாறினால், கடிந்துகொள்ளாமல், அங்குள்ள பங்குக் குருவையோ உறவினரையோ உடனே அணுகுங்கள்; பதிவேட்டில் பெயர் எழுதிக்கொள்ள அருகிருந்து துணைசெய்யச் சொல்லுங்கள். கடனை அடைக்கப் பணம் அனுப்புவதாயின், பணத்தை அவன் கையில் கொடாமல், கடன் கொடுத்தவர்க்கே சேருமாறு ஏற்பாடு செய்யுங்கள். தனித்திருக்கும் பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை மாலையில் பேசுவதற்கு வீட்டார் இருக்கின்றனர் என்ற நிச்சயமே, மைதானத்தின் ஆரவாரத்தைக் காட்டிலும் அவனுக்கு வேண்டியதாகும்.